காயம்பட்டவர்களும் ஏற வேண்டிய மேடை: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர்கள்

பொருள்: போரில் காயம்பட்ட, வீர விருது பெற்ற படைவீரர்களைப் பள்ளி விழாக்களில் சிறப்பித்தல்



1999 கார்கில் போரில் இந்தியத் தரப்பில் உயிர்நீத்தவர்கள் 527 பேர். காயமடைந்தவர்கள் 1,363 பேர். 1971 போரில் சுமார் 3,800 பேர் உயிரிழந்தனர். 9,800-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தவர் ஒருவருக்குக் காயம்பட்டவர் இரண்டு மூன்று பேர் என்ற இந்தக் கணக்கு பெரும்பாலான போர்களுக்குப் பொருந்தும். இறந்தவர்களின் பெயர்களைத் தாங்க நாட்டில் சுவர்கள் உண்டு. புது தில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தின் கருங்கல் பலகைகளில், திறப்பின்போது 25,942 பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. முதல் உலகப் போரின் வெற்றிக்காகச் சென்னைக் கடற்கரையில் கோட்டைக்கு அருகே எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தில் பிற்காலப் போர்களில் இறந்தவர்களின் பெயர்களும் இடம்பெற்றன. காயம்பட்டவர்களுக்கு இப்படி ஒரு சுவர் இல்லை. அவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பி, அங்கேயே மீதி வாழ்நாளைக் கழிப்பவர்கள். பொதிகை விரைவு ரயில் நிற்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையங்களில் இறங்கி வரும் முன்னாள் படைவீரர் ஒருவரின் கால்சட்டைக்குள் இருப்பது செயற்கைக் காலா என்பது பக்கத்துத் தெருவுக்குத் தெரியாது. ஆகவே அவர்களுக்கான மரியாதையை ஊர்தான் செய்ய வேண்டும். ஊரில் அதைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் பள்ளி.

போர்க்களத்தில் அடிபட்டவரின் முதல் மருத்துவர் பக்கத்தில் இருக்கும் சக வீரரே. ரத்தம் வெளியேறாமல் இறுக்கிக் கட்டுவதும், ஒவ்வொரு வீரரும் தம்முடன் வைத்திருக்கும் காயக்கட்டைப் பிரித்து வைத்து அழுத்துவதும் அவர் வேலை. அங்கிருந்து படைப்பிரிவின் மருத்துவ அதிகாரி இருக்கும் முதலுதவி நிலையம், முன்னணி அறுவைச் சிகிச்சை மையம், கள மருத்துவமனை, பெரிய தள மருத்துவமனை எனப் படிப்படியாக அவர் பின்னுக்குக் கொண்டுவரப்படுகிறார். காஷ்மீரில் காயமுறுவோர் பெரும்பாலும் ஸ்ரீநகரின் 92-ஆம் தள மருத்துவமனைக்கு வருவார்கள். கை கால் இழந்தவர்கள் 1944-இல் புனேயில் அமைக்கப்பட்ட செயற்கை உறுப்பு மையத்துக்கும், முதுகுத்தண்டு சேதமுற்றவர்கள் அதே நகரின் கிர்க்கியில் இருக்கும் மறுவாழ்வு மையத்துக்கும் அனுப்பப்படுகிறார்கள். மலை உச்சியில் அடிபட்டவரைத் தோளிலோ ஸ்ட்ரெச்சரிலோ கீழே இறக்கவே பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் உயிரைப் பிடித்து வைப்பது துணிக்கட்டுதான்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் துணிக்கட்டு புதிதல்ல. ராஜபாளையத்துக்கு அருகிலுள்ள சத்திரப்பட்டியும் சுற்றுவட்டார ஊர்களும் பேண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்றவை. விசைத்தறியில் நெய்து, வெளுத்து, சுருட்டிக் கட்டப்படும் அந்தத் துணி நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குப் போகிறது. பெற்றோர் தறியில் ஓட்டும் துணிக்கும் காயம்பட்டவர் உயிருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லி ஒரு பாடத்தைத் தொடங்கினால், போர் என்பது தொலைக்காட்சியில் நடப்பது என்ற எண்ணம் வகுப்பறையில் கொஞ்சம் விலகும்.

உயிர் பிழைத்த பின் வருவது நீண்ட அத்தியாயம். மருத்துவக் குழு வீரரின் மனநிலை, கேட்கும் திறன், கை கால்கள், பொது உடல்நிலை, பார்வை என ஐந்தையும் சோதித்து மருத்துவத் தரம் வழங்குகிறது. தரம் குறைந்தவர் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. கால் இழந்தும் பணியில் தொடர்ந்தவர்கள், அலுவலகம், பயிற்சி, கிடங்குப் பணிகளுக்கு மாற்றப்பட்டவர்கள் பலர் உண்டு. தொடர முடியாதவர்கள் மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்படுகிறார்கள். 1917-இல் தொடங்கப்பட்ட, கிர்க்கியில் இயங்கும் குயின் மேரி தொழிற்பயிற்சி நிலையம் இத்தகையோருக்குப் புதிய தொழில் கற்றுக்கொடுப்பதையே நோக்கமாகக் கொண்டது. முதல் உலகப் போரில் உறுப்பிழந்து திரும்பிய இந்தியச் சிப்பாய்களுக்காக உருவான அந்த நிலையம் ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது.

ஓய்வூதிய விதிகள் காயத்தை அதன் காரணத்தை வைத்துத் தரம் பிரிக்கின்றன. பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31 அன்று வெளியிட்ட ஆணை, மரணத்தையும் இயலாமையையும் ஐந்து வகைகளாகப் பிரித்தது. பணியோடு தொடர்பில்லாத இயற்கைக் காரணங்கள் முதல் வகை. பணியால் வந்த அல்லது பணியால் மோசமான நோய் இரண்டாம் வகை. பணியின்போது நேரும் விபத்து மூன்றாம் வகை. தீவிரவாதிகள் போன்றோரின் வன்முறையால் நேர்வது நான்காம் வகை. எதிரியின் தாக்குதலாலும் போர் நடவடிக்கைகளிலும் நேர்வது ஐந்தாம் வகை. ஐந்தாம் வகையில் காயமுற்று விடுவிக்கப்பட்டவருக்கு நூறு சதவீத இயலாமை என்று மதிப்பிடப்பட்டால், பணிக்காலத்துக்கான ஓய்வூதியத்துடன், கடைசியாகப் பெற்ற ஊதியத்துக்கு இணையான போர்க்காயத் தொகை கிடைக்கும். பணி சார்ந்த பிற இயலாமைக்கு இந்தத் தொகை ஊதியத்தில் 30 சதவீதம். எப்போதும் ஒருவர் உடனிருந்து கவனிக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்குத் துணையாள் படியாக மாதம் 6,750 ரூபாய் என 2017-இல் நிர்ணயிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் இயலாமை ஓய்வூதியத்துக்குப் புதிய விதிகள் வந்தன. எந்த வீரருக்கு எந்த விதி பொருந்தும் என்பது அவர் விடுவிக்கப்பட்ட தேதியையும் காயத்தின் வகையையும் பொறுத்தது. ஒரே மாதிரி கால் இழந்த இருவரில் ஒருவருக்கு அதிகத் தொகையும் மற்றவருக்குக் குறைந்த தொகையும் கிடைப்பது இதனால்தான். வலியின் அளவில் இருவருக்கும் வேறுபாடு இல்லை என்பதை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வீர விருதுகள் இரண்டு வரிசைகளாக நிற்கின்றன. எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கானவை பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா. 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்ட இம்மூன்றும் 1947 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டன. எதிரிப் படையுடனான போருக்கு வெளியே காட்டும் வீரத்துக்கானவை அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. 1952-இல் ஒரே விருதின் மூன்று வகுப்புகளாகத் தொடங்கிய இவை 1967-இல் இன்றைய பெயர்களைப் பெற்றன, பொதுமக்களுக்கும் வழங்கப்படலாம். இவற்றுக்கு அடுத்து 1960-இல் உருவான சேனா பதக்கமும், கடற்படை, விமானப்படைக்கான அதன் இணைப் பதக்கங்களும் வருகின்றன. பரம்வீர் சக்ராவை வடிவமைத்தவர் ஸ்விட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்த சாவித்ரி கானோல்கர். வெண்கலத்தாலான அந்தப் பதக்கத்தில் இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு முறை இடம்பெறுகிறது. நாடாவின் நிறம் ஊதா. இதுவரை 21 பேர் அதைப் பெற்றிருக்கிறார்கள். 14 பேருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

விருதுடன் மாத உதவித்தொகையும் உண்டு. 2017 ஆகஸ்ட் 1 முதல் பரம்வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், அசோக சக்ராவுக்கு 12,000, மகாவீர் சக்ராவுக்கு 10,000, கீர்த்தி சக்ராவுக்கு 9,000, வீர் சக்ராவுக்கு 7,000, சௌர்ய சக்ராவுக்கு 6,000, வீரத்துக்கான சேனா பதக்கத்துக்கு 2,000 ரூபாய் என்று இந்தத் தொகைகள் இரட்டிப்பாக்கப்பட்டன. மாநில அரசுகள் தனியே ரொக்கப் பரிசும் உதவிகளும் வழங்குகின்றன.

காயத்துக்கென்றே ஒரு பதக்கம் இருப்பது பலருக்குத் தெரியாது. 1973-இல் நிறுவப்பட்ட பராக்கிரம பதக் என்னும் காயப் பதக்கம், எதிரியின் நேரடித் தாக்குதலில் காயமுற்ற எந்தப் பதவியில் இருப்பவருக்கும் உரியது. தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளில் காயமுற்றவர்களும் அதைப் பெறுவர். வெள்ளை நாடாவின் நடுவே சிவப்புக் கோடு கொண்ட அந்தப் பதக்கம் ஒரு சிப்பாயின் மார்பில் இருந்தால், அவர் எதிரியின் குண்டையோ கண்ணிவெடியையோ உடலில் வாங்கியவர் என்று பொருள். மேலே சொன்ன மாத உதவித்தொகைப் பட்டியலில் இந்தப் பதக்கம் இல்லை. விழா மேடையில் அறிவிப்பவர் வீர் சக்ராவைச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது வழக்கமாக நடப்பது. நாடாவின் நிறத்தை அறிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் அது நடக்காது.

விருது எப்படி முடிவாகிறது என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். களத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் சொல்வதை வைத்து அலகின் தளபதி பரிந்துரை எழுதுகிறார். அது பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என மேலேறி ராணுவத் தலைமையகத்தின் விருதுக் குழுவுக்கும், பிறகு பாதுகாப்பு அமைச்சகத்துக்கும், இறுதியில் குடியரசுத் தலைவருக்கும் செல்கிறது. பெரும்பாலான அறிவிப்புகள் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாள்களையொட்டி வருகின்றன, அரசிதழில் வெளியாகின்றன. இந்த முறையில் ஓர் இயல்பான வரம்பு உண்டு. பார்த்தவர்கள் உயிரோடு இருந்தால்தான் பரிந்துரை. பதுங்கு குழியில் இருந்த எல்லோரும் இறந்துபோன இடத்தில் நடந்த வீரத்துக்குச் சாட்சி இல்லை. எனவே விருது பெற்றவர் வீரர் என்பது உறுதி. விருது பெறாதவர் வீரம் குறைந்தவர் என்ற முடிவுக்கு அந்தப் பட்டியலை வைத்து வர முடியாது. பள்ளிகள் செய்யும் சிறப்பு விருதுப் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

தமிழ் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய சில பெயர்கள் இந்த வேறுபாடுகளையெல்லாம் விளக்கும். காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படையில் இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியில் பணியாற்றியவர். 1944 பிப்ரவரி 24 அன்று கண்ணிவெடி ஒன்று வெடிக்கவிருந்த நேரத்தில் அதன்மேல் தம் உடலைக் கிடத்தி உடனிருந்தவர்களைக் காத்து இறந்தார். அன்றைய பிரிட்டிஷ் அரசின் வீர விருதான ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1946-இல் மும்பையில் பிறந்த தமிழர். 1972-இல் மஹர் ரெஜிமென்டில் அதிகாரியானார். இலங்கையில் இந்திய அமைதிப்படையின் 8-ஆம் மஹர் படைப்பிரிவில் பணியாற்றியபோது, 1987 நவம்பர் 25 அன்று தேடுதல் நடவடிக்கை முடிந்து இரவில் திரும்பும் வழியில் அவருடைய குழு பதுங்கித் தாக்கப்பட்டது. அவர் தாக்கியவர்களைப் பின்புறமாகச் சுற்றி வளைத்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்த பின்னும், சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டு வீழ்த்தினார். உயிர் பிரியும்வரை கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். இலங்கை நடவடிக்கைக்காக வழங்கப்பட்ட ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. அந்தப் படையெடுப்பின் அரசியலைப் பற்றித் தமிழகத்தில் கடும் கருத்து வேறுபாடுகள் உண்டு. அனுப்பிய முடிவையும் அனுப்பப்பட்டவரின் துணிவையும் வெவ்வேறாக வைத்துப் பேச மாணவர்களைப் பழக்குவது வரலாற்று வகுப்பின் வேலை.

மேஜர் மாரியப்பன் சரவணன் 1972-இல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர். திருச்சிராப்பள்ளி அவரைத் தன் மகனாகக் கொண்டாடுகிறது. 1-ஆம் பீகார் படைப்பிரிவின் அதிகாரியாக 1999 மே மாத இறுதியில் கார்கிலின் படாலிக் பகுதியில் எதிரிப் பதுங்கு குழிகளைத் தாக்கும் குழுவுக்குத் தலைமையேற்றார். காயமடைந்த பின்னும் முன்னேறி, மே 29 அன்று உயிர்நீத்தார். அவருடைய உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. மறைவுக்குப் பின் வீர் சக்ரா வழங்கப்பட்டது. 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்நீத்த 20 பேரில் ஒருவர் ஹவில்தார் பழனி. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த அவர் 81-ஆம் பீல்டு ரெஜிமென்டில் பீரங்கிப் படை வீரர். 2021-ஆம் ஆண்டு குடியரசு நாளையொட்டி அவருக்கு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. ராமநாதபுரம் விருதுநகருக்கு அடுத்த மாவட்டம். கடுக்கலூர் இந்த வட்டாரத்துக் கிராமங்களைப் போன்ற ஒரு கிராமம்.

மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் 44-ஆம் ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் படையில் பணியாற்றியபோது உயிரிழந்தார். அது எதிரிப் படையுடனான மோதல் அல்ல, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை. எனவே அவருக்கு வழங்கப்பட்டது அசோக சக்ரா. 2024-இல் வெளியான அமரன் திரைப்படம் அவர் பெயரை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசேர்த்தது. அவருடைய விருது எந்த வரிசையைச் சேர்ந்தது, ஏன் என்று கேட்டால் படம் பார்த்த மாணவர் பலருக்கு விடை தெரியாது. மேலே சொன்ன இரண்டு வரிசைகளை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இந்தப் பெயர்கள் யாவும் இறந்தவர்களுடையவை. காயம்பட்டு வாழ்ந்தவர்களின் வரலாறும் இதே அளவு வலுவானது. கார்கில் போரில் பரம்வீர் சக்ரா பெற்ற நால்வரில் உயிருடன் திரும்பிய இருவருமே உடலெங்கும் காயம்பட்டவர்கள். டைகர் மலையில் ஏறிய 18-ஆம் கிரெனடியர்ஸ் படையின் யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது வயது 19. விருது முதலில் மறைவுக்குப் பின் வழங்கப்படுவதாகவே அறிவிக்கப்பட்டது. அவர் மருத்துவமனையில் உயிரோடு இருப்பது பிறகுதான் தெரியவந்தது. மற்றவர் 13-ஆம் ஜம்மு காஷ்மீர் ரைபிள்ஸ் படையின் சஞ்சய் குமார். 1971 போரில் சில்ஹெட் பகுதியில் கண்ணிவெடியில் சிதைந்த தம் காலைத் தாமே வெட்டி எடுத்த இயன் கார்டோசோ, செயற்கைக் காலுடன் காலாட்படைப் பிரிவுக்குத் தலைமையேற்று மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தார். 1965 போரில் கால் இழந்த விஜய் ஓபராய் ராணுவத் துணைத் தளபதியாக உயர்ந்து, ஓய்வுக்குப் பின் 2002-இல் போரில் காயம்பட்டோருக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார்.

விளையாட்டுத் திடலிலும் அந்த வரலாறு தொடர்கிறது. 1965 போரில் குண்டுகள் பாய்ந்து முடங்கிய முரளிகாந்த் பெட்கர், 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது. அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2018-இல். அதே ஆண்டைத்தான் இந்திய ராணுவம் பணியில் உறுப்பிழந்த வீரர்களுக்கான ஆண்டாகக் கடைப்பிடித்தது. கும்பகோணத்தைச் சேர்ந்த ஆனந்தன் குணசேகரன், மதராஸ் சாப்பர்ஸ் வீரர். 2008-இல் காஷ்மீரில் கண்ணிவெடியால் காலில் படுகாயமுற்று, பின்னர் அந்தக் காலை இழந்தவர். 2019-இல் சீனாவின் வூஹானில் நடந்த உலக ராணுவ விளையாட்டுப் போட்டியில் உறுப்பிழந்தோருக்கான 100, 200, 400 மீட்டர் ஓட்டங்களில் மூன்று தங்கம் வென்றார். கண்ணிவெடியில் காலிழந்த மற்றொரு வீரரான நாகாலாந்தின் ஹொகாடோ செமா, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெண்கலம் பெற்றார்.

காயம்பட்டவரை உயிரோடு இருக்கும்போதே மதிப்பது பாண்டிய நாட்டுக்குப் புதிய பழக்கம் அல்ல. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையின் இறுதிப் பகுதியில், வாடைக் காற்றும் மழைத் தூவலும் மிகுந்த நள்ளிரவில் அரசன் தூங்காமல் பாசறையைச் சுற்றி வருகிறான். வேலேந்திய படைத்தலைவன் ஒருவன் காயம்பட்ட வீரர்களை ஒவ்வொருவராக அடையாளம் காட்டிக்கொண்டு முன்னே செல்கிறான். அரசன் முகமலர்ச்சியோடு அவர்களைக் கண்டு ஆறுதல் அளிக்கிறான். அந்த அரசனைப் பாண்டியன் நெடுஞ்செழியன் என்று உரைகாரர்கள் கொள்வர். இறந்தவர்களுக்கான முறையும் அதே மரபில் இருந்தது. கல்லைக் கண்டு தேர்வது முதல் நட்டு வாழ்த்துவது வரை நடுகல்லுக்கான ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு வடமேற்கே மலைக்கு அப்பால் உள்ள தேனி மாவட்டத்தின் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்கள், இந்த வழக்கம் ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று காட்டுகின்றன. இறந்தவருக்குக் கல், காயம்பட்டவருக்கு நேரில் சென்று காணும் முகம் என இரண்டும் அந்த மரபில் இருந்தன. முதலாவதை இன்றைய சமூகம் ஓரளவு காப்பாற்றிவருகிறது. இரண்டாவது பெரிதும் கைவிடப்பட்டுவிட்டது.

பள்ளிக் காலண்டரில் இதற்கான நாள்கள் ஏற்கெனவே இருக்கின்றன: ஜனவரி 26, ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், ஆகஸ்ட் 15, டிசம்பர் 7 கொடிநாள், டிசம்பர் 16 வங்கப்போர் வெற்றி நாள். இவற்றுள் கொடிநாளின் பின்னணி இந்த மடலின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. 1949 ஆகஸ்ட் 28 அன்று பாதுகாப்பு அமைச்சரின் தலைமையில் அமைந்த குழு டிசம்பர் 7-ஐக் கொடிநாளாகத் தேர்ந்தது. வசூலுக்கான மூன்று நோக்கங்களில் ஒன்று போரில் பாதிக்கப்பட்டோரின் மறுவாழ்வு. மற்ற இரண்டு பணியில் உள்ள வீரர்கள், அவர்கள் குடும்பங்களின் நலனும், முன்னாள் வீரர்களின் நலனும். மாணவர் உண்டியலில் போடும் காசும் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு கொடியும் யாருக்காக என்பதை அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் சொன்னால் போதும். வசூல் என்பது கடமைக்காகக் கொடுப்பதாக இராது.

அழைப்பு முறையாக அமைய வேண்டும். விருதுநகரிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகவோ உள்ளூர் முன்னாள் படைவீரர் சங்கங்களின் வழியாகவோ வீரரின் விருப்பத்தை முதலில் அறிய வேண்டும். சிலர் மேடையை விரும்பமாட்டார்கள்; அவர்களை வற்புறுத்துவது மரியாதை ஆகாது. வருபவரின் படைப்பிரிவு, பதவி, பதக்கங்களின் பெயர் ஆகியவற்றை அவரிடமே கேட்டு எழுதி, அறிவிப்பாளர் பிழையின்றி வாசிக்க வேண்டும். விருது பெற்றவர்களின் விவரத்தை அரசிதழிலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்திலும் சரிபார்க்கலாம். ஹவில்தாரை மேஜர் என்றும் சேனா பதக்கத்தைப் பரம்வீர் சக்ரா என்றும் உயர்த்திச் சொல்வது புகழ்ச்சி போலத் தோன்றும். ராணுவத்தில் இருந்தவருக்கு அது கூச்சத்தைத் தரும்.

மேடை ஏற்பாட்டிலும் கவனம் தேவை. செயற்கைக் கால் பொருத்தியவரை உயரமான படிகளில் ஏற்றக் கூடாது. சாய்தளமோ தரைமட்ட மேடையோ வேண்டும். வெயிலில் நீண்ட நேரம் நிற்கவைப்பது, துண்டிக்கப்பட்ட இடத்தில் புண்ணை உண்டாக்கும். சிவகாசிக்குப் பக்கத்திலுள்ள இந்த வட்டாரத்தில் விழா என்றால் சரவெடி என்பது வழக்கம். வெடிகுண்டில் செவித்திறன் பாதிக்கப்பட்டவர்களும், பழைய நினைவுகளால் தூக்கம் கெட்டவர்களும் அழைக்கப்படும் வீரர்களில் இருப்பார்கள். அந்த விழாக்களில் வெடியைத் தவிர்ப்பதே முறை. எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்ற கேள்வியைப் பிள்ளைகள் ஆர்வத்தால் கேட்டுவிடுவார்கள். பனிமலையில் எப்படிச் சமைத்தீர்கள், வீட்டுக்கு எப்படிக் கடிதம் எழுதினீர்கள், காயம் ஆற எவ்வளவு காலம் ஆனது என்று கேட்க அவர்களை முன்கூட்டியே பழக்கலாம்.

அழைப்போடு ஒரு பதிவேடும் தேவை. ஒவ்வொரு பள்ளியும் தன் பழைய மாணவர்களில் படையில் பணியாற்றியவர்கள், காயமுற்றவர்கள், விருது பெற்றவர்கள், உயிரிழந்தவர்கள் ஆகியோரின் பெயர், படைப்பிரிவு, பணிக்காலம் ஆகியவற்றை அவர்கள் அல்லது குடும்பத்தார் ஒப்புதலோடு பதிவு செய்யலாம். விவரங்களைச் சரிபார்க்க அவர்களுடைய டிஸ்சார்ஜ் புக் உதவும். தேசிய மாணவர் படை மாணவர்களும் தமிழ், வரலாற்று ஆசிரியர்களும் சேர்ந்தால் இதை ஒரு கல்வியாண்டுக்குள் முடிக்க முடியும். காயப் பதக்கம் பெற்றவரின் பெயரும், எந்தப் பதக்கமும் பெறாமல் காயத்தோடு திரும்பியவரின் பெயரும் அந்தப் பதிவேட்டில் சமமாக இடம்பெற வேண்டும்.

ஆசிரியர்களிடம் இம்மடல் முன்வைக்கும் வேண்டுகோள் இதுதான்: வரும் டிசம்பர் 7 முதல் ஒவ்வொரு பள்ளியும் காயமுற்றுத் திரும்பிய வீரர் ஒருவரையாவது மாணவர்கள் முன் அழைத்து அமரவைக்கட்டும், வர இயலாதவரை மாணவர்கள் வீட்டுக்கே சென்று காணட்டும். அடுத்த குடியரசு நாளில் கொடியேற்ற யாரை அழைப்பது என்ற பேச்சு எழும்போது, முதலில் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்கட்டும்.